விழப்போகிற பல்லுக்கு எதற்கு அடைப்பு?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து விழா. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை என் தங்கையின் பேரனுக்கு. ஏழு வயது. எதை வாயில் போட்டாலும் வலப்பக்கமாகவே தள்ளித் தள்ளி மென்றான். லட்டுவை ஒரு கடி கடித்துவிட்டு இலை ஓரத்தில் வைத்துவிட்டான். ஏழு வயதுப் பையன் லட்டுவை மிச்சம் வைத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கை கழுவியதும் ஓரமாகக் கூப்பிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு "ஆ காட்டு" என்றேன். கீழ்வரிசையில் இடப்பக்கம் கடைசிப் பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு குழி. அதற்கு முந்தின பல்லிலும் ஓர் ஓரம் உடைந்திருந்தது.

அவன் அம்மாவிடம் சொன்னேன். "அது பால் பல்தான் பெரியம்மா. எப்படியும் விழப்போற பல்லு. அதுக்கு எதுக்குக் காசு கொடுத்து அடைக்கணும்?" என்றாள். சுற்றி இருந்த நாலு பேரும் ஆமாம் போட்டார்கள்.

விழா வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். மறுநாள் அவளுக்கு போன் போட்டு விவரமாகப் பேசினேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அவள் சொன்னது அவள் ஒருத்தியின் எண்ணம் இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. ஆறேழு வயதுப் பிள்ளையின் வாயில், முன்பக்கம் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். விழுந்து காலியாக இருக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்து வரைக்கும்தான் பால் பல் வரிசை. ஆறாவதாக ஒரு பெரிய பல் இருந்தால் அது பால் பல் இல்லை. அது நிரந்தரப் பல். ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் அது. சாகும்வரை அந்த ஒன்றுதான். மறுபடி முளைக்காது.

இந்தப் பல்லிடம் ஒரு சிக்கல். மற்ற பற்கள் பெரும்பாலும் ஒரு பால் பல் ஆடி விழுந்த பிறகு அந்த இடத்தில் முளைக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூரைமேல் போட்டுக் கொண்டாடுவோம். இந்தப் பல்லோ எதையும் விழவைக்காமல், கடைசியில் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதால் தின்பண்டம் அங்கேதான் ஒட்டும். பிரஷ் அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் குழந்தைகளுக்கு முதலில் சொத்தையாகும் நிரந்தரப் பல் பெரும்பாலும் இதுவாக இருக்கிறது. அந்தப் பையனுக்கும் அதே பல்தான்.

சரி, உண்மையிலேயே பால் பல்லாக இருந்தால் விட்டுவிடலாமா? அதற்கு முந்தின பல் பால் பல்தான். ஆனால் பின்பக்கப் பால் பற்கள் விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். ஏழு வயதுப் பிள்ளை இன்னும் மூன்று நான்கு வருடம் அந்தப் பல்லால்தான் மெல்ல வேண்டும். அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அப்படி. துண்டை முன்னாலேயே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் நகர்ந்து உட்கார்ந்துவிடும். பின்னால் வரும் பல் கோணலாகத்தான் வரும். அப்புறம் கம்பி போட ஓடுவோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. பெயர் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணே இதைப் படிக்கக்கூடும்.

ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒரு வாரமாகப் பாடம் வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நிற்கும். திமிர் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பொறுமை இழந்து வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அவள் அப்பா வந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிப்போய், காய்ச்சலோடு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். சொத்தைப் பல்லில் சீழ் பிடித்து உள்ளே இறங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கி, ஊசி போட்டு, அவள் பள்ளிக்கூடம் திரும்ப இரண்டு வாரம் ஆனது. "ஏம்மா டீச்சர்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "அழுதா இன்னும் திட்டுவீங்கன்னு பயந்தேன் டீச்சர்" என்றாள்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தவள் நான். பாடம் வாசிக்காத பிள்ளையின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. அம்மா, நீ இதைப் படித்தால் என்னை மன்னித்துக்கொள்.

சொத்தை என்றால் புழு இல்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்து, "புழு விழுந்தது பார்" என்று காட்டுவதை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பல்லில் புழு கிடையாது. நாம் தின்னும் சர்க்கரையை வாயில் இருக்கும் கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடான எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்யப் பார்க்கும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு மிட்டாய், இன்னொரு பிஸ்கட் என்றால் எச்சில்தான் என்ன செய்யும்? எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது.

இதில் நாம் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை தொடங்கும்போது வலிக்காது. அடுத்த அடுக்குக்குப் போனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். அதையும் தாண்டி நடுவில் இருக்கும் நரம்பைத் தொட்டால்தான் ராத்திரி தூங்கவிடாத வலி வரும். "வலிக்கவே இல்லை, எதற்கு டாக்டர்?" என்று நாம் சும்மா இருக்கிற காலம்தான் அடைத்துக் காப்பாற்றக்கூடிய காலம். வலி வந்த பிறகு பெரும்பாலும் அடைப்பு போதாது. ரூட் கேனால், இல்லாவிட்டால் பிடுங்கல்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். நானே இதில் தோற்றவள்தான். 48 வயதில் கீழ்க் கடைவாயில் சாப்பாடு மாட்டிக்கொண்டே இருந்தது. "சின்னச் சொத்தை, அடைச்சிடலாம் டீச்சர்" என்றார் டாக்டர். 600 ரூபாய் என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலை, அப்புறம் சென்சஸ். மூன்று வருடம் போனது. ரூட் கேனால் என்றார், தொப்பி போடுவதோடு 6,000. கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு அதையும் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு கோகுலாஷ்டமி அன்று சீடை கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்கியாயிற்று. இப்போது பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, மேல்பல் கீழே இறங்குகிறது. அங்கே செயற்கைப் பல் பதிக்க 28,000 என்கிறார்கள். 600 ரூபாயை மிச்சம் பிடித்த என் சாமர்த்தியம் இது. பிடுங்குவதுதான் மலிவு என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இனி, உங்களில் பலர் சொல்லக்கூடியதற்குப் பதில்.

"மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும்." போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதாகும்போது பல்லும் போகிறது, கண்ணும் மங்குகிறது. இரண்டையும் நாமே முடிச்சுப் போட்டுவிட்டோம்.

"அடைத்தாலும் விழுந்துவிடும்." இதில் உண்மை உண்டு. எந்த அடைப்பும் ஆயுளுக்கும் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிக்கவும் செய்யும். அடைத்துவிட்டோம் என்று பழையபடி மிட்டாய் தின்றால் அடைப்பு என்ன செய்யும்? கூரையில் ஓட்டை விழுந்தால் மாற்று ஓடு போடுகிறோம். அதுவும் ஒருநாள் உடையும் என்பதற்காக வீட்டை நனையவிடுகிறோமா?

"வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறதாமே." இருக்கிறது, எடையில் ஏறக்குறைய பாதி. சுற்றுச்சூழல் கருதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் அதைப் பொதுவாக நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் இப்போது பெரும்பாலும் பல் நிறத்திலேயே அடைக்கிறார்கள். பசை போல வைத்து, நீல விளக்கைக் காட்டினால் சில நொடியில் இறுகிவிடும். ஆனால் உங்கள் வாயில் நல்லபடியாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்துபோய் நோண்டி எடுக்க வேண்டாம்.

"குழந்தை மிஷின் சத்தத்துக்கே அலறும்." பாவம், அலறத்தான் செய்யும். அதற்கும் வழி இருக்கிறது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக 1980-களில் தான்சானியாவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். மிஷின் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டை வைத்து அடைப்பது. இதற்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூட வேண்டியதில்லை. வாயே திறக்காத பிள்ளைக்கு சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்திவைக்கலாம். பட்ட இடம் கறுத்துவிடும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஃப்ளோரைடு பற்பசையையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டாக்டரிடம் இவை ஒத்துவருமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

"ஒரு பல்லுக்குப் போனால் நாலு பல்லைச் சொல்கிறார்கள்." இந்தச் சந்தேகம் தப்பில்லை. கறுப்பாக இருப்பதெல்லாம் சொத்தை இல்லை, சில வெறும் கறை. தொடக்க நிலையில் வெள்ளைப் புள்ளியாக இருப்பது ஃப்ளோரைடு பற்பசையாலேயே சரியாகவும் கூடும். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். சந்தேகத்தைச் சாக்காக வைத்து யாரிடமும் போகாமல் இருப்பதுதான் தப்பு.

காசு இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், வேலை நடக்கும்.

கடைசியாக, இன்று வகுப்பறையில் நிற்கும் என் மாணவ ஆசிரியர்களுக்கு. தேசிய குழந்தைகள் நலத் திட்டம் என்று 2013-இல் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பல்லையும் பார்க்கிறார்கள். சொத்தை இருந்தால் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு எங்கே போகிறது? பணி ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு பையனின் ஜியோமெட்ரி பாக்ஸில் எட்டாய் மடித்த சீட்டைப் பார்த்தேன். ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்பா அம்மா கண்ணில் படவே இல்லை. ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கி வராவிட்டால் விடுகிறோமா? இந்தச் சீட்டுக்கும் அப்படி ஒரு கையெழுத்து கேளுங்கள். அதுதான் என் கட்சி. பரிசோதனை நடந்ததா என்பதோடு நிற்காமல், பல்லை அடைத்தார்களா என்றும் பள்ளிக்கூடம் கேட்க வேண்டும். மதிய உணவுக்கு முன் கை கழுவக் கற்றுக்கொடுத்த நமக்கு இது பெரிய வேலை இல்லை.

பெற்றோர்களுக்கு இரண்டே வீட்டுப்பாடம். ஒன்று, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள், ஆறாவது பல்லை எண்ணிக் கண்டுபிடியுங்கள். இரண்டு, படுக்கும் முன் பல் துலக்க வைத்து, அதன் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதீர்கள். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நிறைய வேண்டாம்.

அந்தப் பையனை நேற்று சாயங்காலம் கூட்டிப்போனார்கள். நிரந்தரப் பல்லில் சொத்தை நரம்பு வரை போகவில்லை, இருபது நிமிடத்தில் அடைத்தாயிற்று. பால் பல்லுக்கு அடுத்த வாரம். போனில் அவன் சொன்னது: "வலிக்கல பெரிய பாட்டி. ஆனா லட்டு தரமாட்டேங்கறாங்க."

தரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்து, ஒன்றே ஒன்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர்