விமானப் பைத்தியம் என்று சிரிக்கலாமா?

திருச்சி காட்டூரில் சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசாமிகள் சிலர் உண்டு.

புறா விடுகிறவர்களா? இல்லை. பட்டம் விடுகிறவர்களா? அதுவும் இல்லை. ஆகாய விமானம் பார்க்கிறவர்கள்!

சத்தம் காதில் விழுந்ததுமே "இது ஏர்பஸ்", "இது ஏ.டி.ஆர்., காத்தாடி வச்சது" என்று சொல்லிவிடுவார்கள். எந்த விமானம் எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம் லேட், எல்லாம் விரல் நுனியில். வீட்டு அம்மாள்கள்தான் இதை ரசிப்பதில்லை. "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா முழங்கால் வலிக்குது. பிளேன் பார்க்கணும்னா மட்டும் மூணு மாடி ஏறத் தெரியுதா?" என்று அர்ச்சனை நடக்கும்.

அக்கம்பக்கத்தார் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் விமானப் பைத்தியம்.

இந்தப் பைத்தியங்களின் அருமை 11-10-2024 அன்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டமடித்த விமானம்

அன்று ஆயுத பூஜை. மாலை 5.40 மணி அளவில் சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே சுமார் 140 பயணிகள். விமானம் உடனே இறங்கவில்லை. வானத்திலேயே வட்டமடிக்கத் தொடங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று இரண்டரை மணி நேரம்!

ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் விமான நிலையத்தில் வரிசை கட்டி நின்றன. ஜனங்களுக்குக் கண் வானத்தில், கை செல்போனில். "சக்கரம் வெளியே வரலையாம்." "வயித்தால இறக்கப் போறாங்களாம்." "பெட்ரோலைக் கீழே கொட்டிக்கிட்டு இருக்காங்களாம்." வதந்தி பறந்த வேகத்தில் அந்த விமானமே பறந்திருக்காது!

உண்மை என்ன?

அன்று பறந்தது போயிங் 737 ரகம். அதில் எரிபொருளை நடுவானில் கொட்டுகிற வசதியே கிடையாது. ஜம்போ போன்ற பெரிய விமானங்களில்தான் அது உண்டு. (விமானத்துக்கு ஊற்றுவது பெட்ரோலே அல்ல, மண்ணெண்ணெய் ஜாதி என்பது தனிக்கதை.)

737-800 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது 79 டன் வரை எடை இருக்கலாம். இறங்கும்போது 66 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது. மிஞ்சினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆபத்து. ஆகவே எண்ணெயை எரித்துத்தான் தீர்க்க வேண்டும். எரிவது மணிக்கு இரண்டரை டன் அளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் அத்தனை சுற்று என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரியும்.

சரி, ஹைட்ராலிக் போனால்? டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்குவதும், ஜே.சி.பி.யின் கையை மடக்குவதும் எதுவோ, அதேதான் விமானத்தில் சக்கரத்தையும் இறக்கைத் தகடுகளையும் அசைக்கிறது. 737-ல் ஏ, பி என்று இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள், அவசரத்துக்கு மூன்றாவதாக ஒன்று. சக்கரத்தை இறக்க ஹைட்ராலிக் கைகொடுக்கவில்லை என்றால் விமானி அறையின் தரையில் ஒரு மூடி இருக்கிறது. திறந்தால் மூன்று கைப்பிடிகள். இழுத்தால் பூட்டு விடும். சக்கரம் தன் கனத்திலேயே கீழே வந்து நிற்கும்!

இரவு 8.15 மணி அளவில், சக்கரங்களோடு, நல்லபடியாக விமானம் இறங்கியது.

இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. காட்டூரும் திருவெறும்பூரும் பெல் தொழிலாளிகள் வாழும் பகுதி. பாய்லர், வால்வு, பிரஷர் என்று ஆயுசைக் கழித்தவர்கள். அவர்களில் விமானக் கிறுக்கு பிடித்தவர் ஒருவருக்கு இரும்பு தெரியும். இன்னொருவருக்கு ரேடியோ தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து இருவரும் தேறிவிடுகிறார்கள். பீஸ் கிடையாது, ஒரு டீயோடு சரி. அன்று டி.வி.யைப் பார்த்துப் பதறியவர்கள் எதிர் மாடியில் நின்றவரைக் கேட்டிருந்தால் நெஞ்சுப் படபடப்பாவது மிச்சம்.

காயலான் கடைப் புதையல்

பார்ப்பதோடு இவர்கள் நிற்பதில்லை. பழைய சாமான் வேட்டையும் உண்டு. காயலான் கடை, பழைய பேப்பர் கடை, வீடு காலி செய்கிறவர்களின் பரண், எதையும் விடமாட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் கால அட்டவணை, பெட்டியில் கட்டிய சீட்டு, ஏர் இந்தியா மகாராஜா பொம்மை, விமானத்தில் கொடுத்த ஸ்பூன். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. அவர்களுக்குப் பொக்கிஷம்.

சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும். கான்கார்டு விமானம் ஓய்வு பெற்ற 2003-ல் அதன் மூக்கை மட்டும் பாரிசில் ஏலம் விட்டார்கள். லட்சக்கணக்கான யூரோவுக்குப் போயிற்று!

திருச்சிக்கு அந்த மாதிரி மூக்கு இல்லை. ஆனால் கடிதம் இருக்கிறது. 1932-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். 1938-ல் டாட்டா தபால் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை போனது. அதாவது, காட்டூரில் பஸ்சுக்கே காத்துக் கிடந்த காலத்தில் திருச்சியில் விமானத் தபால் இறங்கியிருக்கிறது. பிறகு ஏர் சிலோன் விமானங்களும் இங்கே வந்து போயின. அந்தக் காலத்து விமானத் தபால் கவர் கிடைத்தால் சேகரிப்பவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்க முத்திரையையும் பார்ப்பார்கள். கிளம்பிய தேதிக்கும் சேர்ந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தக் கடிதத்தின் பயணமே தெரிந்துவிடும்.

வேட்டைக்கும் நேர்மை வேண்டும். 24-1-1966 அன்று ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' போயிங் 707 ஆல்ப்ஸ் மலையில் மோதி 117 பேர் இறந்தார்கள். விஞ்ஞானி ஹோமி பாபாவும் அதில் ஒருவர். அந்தப் பனிமலையில் 2013-ல் ஏறிய ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் ஒரு பெட்டி சிக்கியது. உள்ளே மரகதமும் மாணிக்கமும் நீலமும்! அந்த 1966 விமானத்தில் வந்ததாகவே கருதப்படுகிறது. மனிதர் நேராகப் போலீசில் ஒப்படைத்தார். உரியவர் கிடைக்காததால் 2021-ல் பாதிக் கற்கள் அவருக்கே வந்து சேர்ந்தன. செத்தவர்கள் பொருளை மடியில் கட்டிக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பது சேகரிப்பு ஆகாது, திருட்டு.

ஒரு அறை கேட்கிறார்கள்

திருச்சியில் புதிய விமான முனையம் 11-6-2024 முதல் இயங்குகிறது. பிரமாதமான கட்டடம். கோபுரமும் சிற்பமும் ஓவியமும் கண்ணைப் பறிக்கின்றன. அத்தனை பெரிய இடத்தில் இந்த ஊரின் விமானக் கதையைச் சொல்ல ஒரு அறை ஒதுக்கினால் என்ன? அறை இல்லாவிட்டால் ஒரு சுவர், நாலு கண்ணாடிப் பெட்டி போதும். சாமானை இரவல் கொடுக்க சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கிற மாதிரி வாசலுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.

பழைய விமானச் சாமானைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இதே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை எம்.ஐ.டி.யில் போய்ச் சேர்ந்த ஒரு மாணவர் அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து மயங்கினார். ராமேசுவரத்துப் பிள்ளை. பெயர் அப்துல் கலாம்.

நின்று பார்க்க ஒரு இடமும் வேண்டும். 2001-ல் கிரீஸ் நாட்டில் விமானம் பார்க்கப் போன பிரிட்டிஷ்காரர்கள் 12 பேரையும் டச்சுக்காரர்கள் 2 பேரையும் உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டார்கள். மறு வருஷம் அப்பீலில்தான் விடுதலை. நம்மூரில் வேலி ஓரம் போன் கேமராவோடு நிற்பவரைப் போலீசார் விசாரிப்பது தப்பில்லை, அது அவர்கள் வேலை. ஆனால் முறையான ஒரு பார்வை மாடம் கட்டி, டிக்கெட் போட்டால் யாரும் வேலி ஓரம் நிற்கமாட்டார்கள். ஜப்பானில் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் மேல்தளத்தில் நின்று பார்க்கிறார்கள். கட்டுகிற செலவு டிக்கெட்டிலும் டீக்கடை வாடகையிலும் வந்துவிடும்.

அதற்குள் வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் கடிதக் கட்டு இருந்தால் எடைக்குப் போடும் முன் கவரைத் திருப்பிப் பாருங்கள். ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கடிதமா, விமானத் தபால் என்று எழுதியிருக்கிறதா, திருச்சி முத்திரையில் 1938 தெரிகிறதா? தெரிந்தால் ஸ்டாம்பைக் கிழிக்க வேண்டாம். கவரோடு, முத்திரையோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. எதிர் மாடியில் நிற்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். மூச்சிரைக்க ஓடி வருவார்.