எம்-3 தாளுக்குள் ஒரு தீட்டா

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் மின்சார ரயிலில், அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி அனல்மின் நிலைய ஷிப்டுக்குப் போகிறவர்களில் பொறியியல் படித்தவர்களும் உண்டு. எம்-3 எனும் மூன்றாம் பருவக் கணிதத் தாளில் அரியர் வைத்து ஒருவழியாகக் கரையேறியவர்களும் அவர்களில் இருப்பார்கள். ராமானுஜன் கடைசிவரை துரத்திய தீட்டா சார்புகளின் வாசல்வரை அந்தத் தாள் தங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஓர் உலோக வளையத்தில் ஒரே ஒரு புள்ளியைச் சூடாக்கி விட்டுவிடுவோம். சற்று நேரம் கழித்து வளையத்தில் எங்கே எவ்வளவு வெப்பம்? ஃபூரியர் தொடரில் விடை எழுதினால், முதல் அலையைவிட இரண்டாவது நான்கு மடங்கு வேகமாகவும், மூன்றாவது ஒன்பது மடங்கு வேகமாகவும் தேயும். அடுக்கில் 1, 4, 9, 16 என்று வர்க்கங்கள் வந்து நிற்கும் அந்தத் தொடர்தான் தீட்டா சார்பு. இதே வெப்பத்தை இன்னொரு வழியிலும் கணக்கிடலாம். நீண்ட கம்பியில் பரவும் வெப்பத்தை எடுத்து, அந்தக் கம்பியை வளையத்தின் மேல் திரும்பத் திரும்பச் சுற்றிக் கூட்டினால் போதும். தொடக்க நொடிகளுக்கு இந்த வழி சுருக்கம். நேரம் போகப் போக முதல் வழி சுருக்கம். இரண்டும் ஒரே வெப்பநிலையைத்தான் சொல்கின்றன. தீட்டாவின் புகழ்பெற்ற உருமாற்ற விதி இந்தச் சமன்பாடுதான்.

அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வெப்பம் புதிதல்ல. வியப்பு அதற்கப்பால் இருக்கிறது: அந்தத் தீட்டா தொடரை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், ஓர் எண்ணை நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது கிடைக்கும். வரிசையையும் குறியையும் தனித்தனியாக எண்ணினால் 7-க்கு 64 வழிகள். 1829-இல் வெளிவந்த தன் நூலில் இதற்குப் பொதுவிதியே தந்துவிட்டார் யாக்கோபி.

இதையெல்லாம் விளங்கிக்கொள்ளத் தேவையானவற்றில் பெருக்குத் தொடரும் ஈருறுப்புத் தேற்றமும் பிளஸ் ஒன்னில் வருகின்றன, கலப்பெண்கள் பிளஸ் டூவில். வெப்பச் சமன்பாடு எம்-3-இல். கலப்பெண் பகுப்பாய்வில் வரும் கோஷியின் தேற்றம் பல ஆண்டுகள் எம்-2-இல் இருந்தது. உண்மையில் குறைவது, முடிவிலிப் பெருக்கமும், தொடர் ஒருங்குவதை நிறுவும் பழக்கமும், கொஞ்சம் எண்ணியலும்.

ராமானுஜன் லோனி, கார் ஆகியோரின் கணித நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு சாதித்தாரே என்பார்கள். சென்னைத் துறைமுக எழுத்தரைக் காட்டி அடிப்படைப் படிப்பைத் தட்டிக்கழிப்பது நமக்குப் பழகிவிட்டது. இங்கிலாந்து வந்தபோது அவருக்கு கோஷியின் தேற்றம் தெரியாது என்று அவரை அங்கே வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டியே எழுதியிருக்கிறார். 1913-இல் பகா எண்கள் பற்றி ராமானுஜன் ஹார்டிக்கு அனுப்பிய சூத்திரம் பிழையாகிப்போனதற்கும் கலப்பெண் பகுப்பாய்வை அறியாததுதான் காரணம். 1920 ஜனவரியில் அவர் எழுதியனுப்பிய 'போலித் தீட்டா' சார்புகளின் உள்கட்டமைப்பு விளங்க, 2002-இல் ஸ்வேகர்ஸ் எழுதிய ஆய்வேடுவரை உலகம் காத்திருந்தது.

குறை மாணவர்களிடம் இல்லை. எம்-3-இன் வெப்பச் சமன்பாடு பெரும்பாலும் கம்பிக் கணக்குகளோடு நின்றுவிடுகிறது. மனப்பாடம் செய்த விடை மதிப்பெண் தருகிறது. எம்-3 நடத்தும் ஆசிரியர்கள், தேர்வில் வராது என்று தெரிந்தாலும், கம்பிக் கணக்கு முடிந்த மறுநாள் ஒரு வகுப்பை வளையத்துக்கு ஒதுக்க வேண்டும்.