கதவைத் தட்ட ஒரு அக்கா



எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விட்டு நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வரமாட்டாள். பிறகு, தம்பிக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள். அடுத்து தவணைப் பரீட்சைக்கே வரமாட்டாள். வரவு இடாப்பில் பெயரை வெட்டும்போதுதான் நாங்கள் அதை 'இடைவிலகல்' என்கிறோம்.

தரம் 9இல் ஒரு பிள்ளை இப்படித்தான் நின்றாள். நாங்கள் இரண்டு முறை கடிதம் அனுப்பினோம். அம்மா வரவில்லை. மலையை விட்டு வந்தால் அன்றைய பேர் போய்விடும், எப்படி வருவார்? வறுமைதான் காரணம் என்று நாங்களே முடிவெடுத்துக்கொண்டோம்.

பக்கத்து லயத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம், "போய்ப் பேசிப் பாரும்மா" என்றோம். இரண்டே நாளில் விஷயம் தெரிந்தது. அவளிடம் இருந்தது ஒரே சீருடை. மழைக் காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைப்பாள். வகுப்பில் யாரோ "புகை மணக்குது" என்று சிரித்திருக்கிறார்கள். அதை சேரிடமோ டீச்சரிடமோ எப்படிச் சொல்வாள்? அக்காவிடம் சொன்னாள். அக்கா தன் பழைய சீருடையைக் கொடுத்தாள். அதோடு தினமும் காலை ஆறு மணிக்கு, "வாடி, பஸ் வந்துரும்" என்று கதவைத் தட்டினாள். அந்தப் பிள்ளை இந்த முறை சாதாரண தரம் எழுதினாள்.

சட்டத்தில் குறை இல்லை. 2016இலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. வேலைக்குச் சேர்க்கும் வயதும் 2021இல் 16 ஆனது. அதே வருடம் ஜூலையில்தான், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன டயகமப் பிள்ளை தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். வயது 16. சட்டம் கொழும்பில் இருக்கிறது. தரகர் லயத்து வாசலுக்கே வருகிறார்.

டவுனில் இருக்கும் நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா?" என்று கேட்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். கேட்கிறவர் இருக்கும் வரை தரகர் வருவார். அந்தக் கேள்வியை முதலில் எங்கள் வீடுகளில் நிறுத்துவோம்.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. 1993இல் சிம்பாப்வேயில் தொடங்கிய கம்ஃபெட் என்ற அமைப்பில், உதவி பெற்றுப் படித்து முடித்த பெண்களே பாடசாலைக்குத் திரும்பி வந்து இளைய பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறார்கள். நமக்கு அமைப்புகூடத் தேவையில்லை. ஒரே பஸ்ஸில் வரும் அக்காவும் தங்கையும் போதும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் அந்த அக்கா தலையில் ஏற்றக் கூடாது. அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. அடி, மிரட்டல், கல்யாணப் பேச்சு என்று எதைக் கேள்விப்பட்டாலும் அவள் உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அது எங்கள் பொறுப்பு. சீருடையும் பஸ் காசும் பழைய மாணவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்தால் முடியாத காரியமா?

உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில், இந்த வாரம் பாடசாலைக்கு வராத பிள்ளை யார்? நாளைக் காலை அவள் கதவை யார் தட்டப் போகிறோம்?