கடையின் இணைய முகவரி யாருடையது?

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக ஒரு கடையை வாடகைக்கு எடுப்பவர், ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்கமாட்டார். அதே கவனம் கடையின் இணைய முகவரிக்குக் கிடைப்பதில்லை. வெப்சைட் செய்து தருபவரே டொமைன் பெயரையும் எடுத்துத் தருகிறார். பில்லில் டிசைன், ஹோஸ்டிங், டொமைன் என்று மூன்று வரிகள் இருக்கும். அந்தப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகிறது என்று சொல்லும் வரி இருக்காது. பல சமயங்களில் அது செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில், அவருடைய கணக்கிலேயே பதிவாகிறது. பிறகு இருவருக்கும் மனத்தாங்கல் வந்தாலும், அவர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போனாலும், பெயர்ப்பலகையிலும் பொலித்தீன் பையிலும் அச்சடித்த முகவரி கடைக்காரரின் கையை விட்டுப் போய்விடுகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு ஏற்றுமதியாளருக்கு இது நடந்தால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கடிதங்களும் சேர்ந்தே போகும், ஏனென்றால் மின்னஞ்சலும் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது.

இதைத் தடுக்க விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களை விற்கும் பதிவாளர்கள் எல்லோரும், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் என்ற அமெரிக்க அமைப்புடன் ஒப்பந்தம் செய்தவர்கள். அந்த ஒப்பந்தப்படி, பெயர் காலாவதி ஆவதற்கு முன் அவர்கள் இரண்டு தடவையாவது அறிவித்தல் அனுப்ப வேண்டும். வேறிடத்துக்கு மாற்றக் கேட்டால் அதற்கான குறியீட்டை ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்த விதிகளில் பல, அடிபட்ட பிறகு வந்தவை. 2007இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற பதிவாளர் நிறுவனம் குலைந்து, வாடிக்கையாளர்கள் தங்கள் பெயர்களைத் தேடி அலைந்த பின்னரே, பதிவுத் தரவின் பிரதியொன்றை வெளியாரிடம் வைப்பிலிடும் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. ஃபிஷிங் முறைப்பாடு கிடைத்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில்தான் அமுலுக்கு வந்தது. அதே ஆண்டு யூலையில், அத்தகைய முறைப்பாடுகளைக் கவனிக்கவில்லை என்று டொட் டொப் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் பதிவகத்துக்கு ஐகான் ஒப்பந்த மீறல் அறிவித்தல் அனுப்பியது. தபால் திணைக்களத்தின் பெயரில் 'உங்கள் பார்சல் நிற்கிறது' என்று வரும் போலிக் குறுஞ்செய்தியால் காசை இழப்பவருக்கு இத்தகைய ஒப்பந்தம் எவ்வளவு பெறுமதியானது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒப்பந்தம் ஐகானுக்கும் பதிவாளருக்கும் இடையிலானது. பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்யலாம்; ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கோர முடியாது. மாற்றக் குறியீட்டைக் கேட்கும் உரிமையும் பதிவேட்டில் பெயருள்ளவருக்கே உண்டு. வெப்சைட் செய்தவரின் பெயர் அங்கே இருந்தால், ஐகானின் கண்ணில் உரிமையாளர் அவர்தான். காசு கொடுத்த கடைக்காரர் அல்ல. அரசு உள்ளே வரவேண்டிய இடம் இதுதான். வெப்சைட் செய்பவருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான, ஐகான் எட்டாத அந்தக் கடைசிக் கண்ணி கொழும்பில், இலங்கைச் சட்டத்துக்குள் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களோடு சேவைகளையும் உள்ளடக்கியது. அரிசி விலையைப் பார்க்கக் கடைக்கு வரும் அதிகாரசபை, அதே கடைக்கு விற்கப்பட்ட இணையச் சேவையின் பில்லையும் பார்க்கலாம்.

டொட் எல்கே பெயர்களின் நிலை வேறு. நாட்டுப் பெயர்களில் ஐகானின் ஒப்பந்தக் கண்காணிப்பு செல்லாது. அது அந்தந்த நாட்டின் பொறுப்பு. 1990இல் தொடங்கிய எல்கே டொமைன் பதிவகம் இலாப நோக்கற்ற தனி நிறுவனம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி எழுத 2010இல் வழிசெய்ததும் அதுவே. அந்தச் சேவையை நான் மதிக்கிறேன். அதற்காகவே 2021 பெப்ரவரி 6ஐ மறக்கக்கூடாது என்கிறேன். அன்று கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில முகவரிகள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. கூகுளின் கணினிகளை யாரும் தொடவில்லை. பதிவகத்தில் இருந்த விபரமே மாற்றப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் சம்பளமும் ஊடக சுதந்திரமும் பேசப்பட்டன. அதே வழியால் ஒரு வங்கியின் போலிப் பக்கமும் வந்திருக்கலாம். இப்படி ஒன்று நடந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் பாவனையாளருக்கு அறிவிக்க வேண்டும், நட்டத்துக்கு யார் பொறுப்பு, விசாரணை அறிக்கையை யார் வெளியிடுவது ஆகியவை அரசும் பதிவகமும் செய்யும் எழுத்துமூல உடன்படிக்கையில் இருக்க வேண்டும். அந்த உடன்படிக்கை எவரும் வாசிக்கும்படி பகிரங்கமாக இருக்க வேண்டும்.

அரசை உள்ளே விடுவதா என்று தமிழ் வாசகர் பதறுவதில் நியாயம் உண்டு. 2007இல் தமிழ்நெட் செய்தித் தளம் இங்கே முடக்கப்பட்டது. 2011இல் செய்தி இணையத்தளங்கள் ஊடக அமைச்சில் பதிய வேண்டும் என்றார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இவை எல்லாம் எழுதப்பட்டதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள். நான் கேட்பது அதுவல்ல. ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் அதிகாரத்தை இந்த உடன்படிக்கையைக் கண்காணிப்பவருக்கு ஒருபோதும் கொடுக்கக்கூடாது. நீதிமன்றக் கட்டளையின்றி ஒரு பெயரை நிறுத்திவைக்கும் அதிகாரமும் கூடாது. இந்த இரண்டு தடைகளையும் உடன்படிக்கையிலேயே எழுதலாம். எழுத்தில் எதுவுமில்லாவிட்டால் அதுவே நம்மைக் காக்கும் என்று எண்ணுவது தவறு. எல்லை எழுதப்படாத இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பே கட்டளையாகிவிடும். அதை எதிர்த்து வழக்காட ஆவணமும் இருக்காது.

வெப்சைட் பில்லை அதிகாரசபை பார்ப்பது சிறிய வெப்சைட் நிறுவனங்களுக்குச் சுமையாகும் என்பது இன்னொரு வாதம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 ஒக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளையும் தனியான டொட் பேங்க் டொட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது. அது பெரிய வேலை, பெரிய செலவு. இங்கே கேட்பது பில்லில் கூடுதலாக இரண்டு வரிகள்: பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் பெயர், காலாவதித் திகதி. அதோடு, வாடிக்கையாளர் கேட்கும் நாளில் கணக்கை அவரிடம் ஒப்படைக்கும் கடப்பாடு. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இதை இப்போதே செய்கிறார்கள்.