சாயமிட்ட கூந்தலும் கிணற்று நீரும்

தலைக்குச் சாயம் இடுவது தகுமா, தகாதா என்று வழக்காட நாம் இங்கு வரவில்லை. நரையை மறைக்க விரும்பும் தாய்மாரும், புது நிறம் நாடும் இளம் பெண்களும் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அழகு நிலையங்களுக்குச் செல்கின்றனர். ஆடவரும் இதிற் பின்னிற்கவில்லை. அங்கே பெருந்தொகை கொடுத்து ஏற்றிய நிறம் சில வாரங்களிலேயே வெளிறி, கூந்தலும் தும்பு போல முரடாகிவிட்டால், "சாயம் மட்டம்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். வீட்டில் நாம் தலை முழுகும் விதத்திற்கும் அதிற் பெரும் பங்கு உண்டு என்பதையே இவ்வாரம் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

ஒரு மயிரிழையின் மேற்புறம் ஓட்டுக்கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அழகு நிலையத்தில் இடப்படும் நிலையான சாயத்திலுள்ள அமோனியா, அல்லது அதுபோன்ற காரப்பொருள், இழையை வீங்கச் செய்து இச்செதில்களைத் தூக்குகின்றது. ஐதரசன் பரவொட்சைட்டு உள்ளே சென்று இயற்கை நிறத்தை ஓரளவு வெளுப்பதோடு, நிறமற்ற சிறு மூலக்கூறுகளை ஒன்றிணைத்து நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாக்கி உள்ளேயே நிறுத்துகின்றது. 1907ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒயென் ஷூலெர் என்னும் இரசாயனவியலாளர் இத்தகைய சாயத்தைத் தயாரித்து, சிகை அலங்காரம் செய்வோருக்கு விற்கத் தொடங்கினார். அடிப்படை முறை இன்றும் பெரிதும் மாறவில்லை. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை ஓர் ஒட்சியேற்றத் தாக்கம் என்று உடனே இனங்கண்டு கொள்வர்.

ஆனால் ஒருமுறை தூக்கப்பட்ட ஓடுகள் முன்போல இறுகப் படிவதில்லை. இழையின் மேலிருந்த இயற்கையான நெய்ப்பசையும் குறைந்துவிடுகின்றது. ஆகவே தண்ணீர் இலகுவாக உள்ளே புகுந்து, திரும்பும்போது நிறத்தையும் சிறிது சிறிதாகக் கொண்டு வருகின்றது. ஷாம்பு மட்டுமே நிறத்தைப் போக்கும் என்று எண்ணி, அதனை விடுத்து நாள்தோறும் வெறும் நீரில் தலை தோய்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நீரே நிறத்தை எடுக்கும். வெந்நீர் இன்னும் விரைவாக எடுக்கும். சிவப்புச் சாயல்களே முதலில் மங்குவன.

ஆகையால் சாயமிட்ட பின்னர் இரண்டு மூன்று நாட்களுக்குத் தலையில் நீர் வார்க்காதிருப்பது நலம். அதன் பின்னர் வாரம் இருமுறை போதும். வியர்வை மிகுந்த நாட்களில் உடம்பை மட்டும் கழுவி, கூந்தலை முடிந்து மேலே கட்டிக்கொள்ளலாம். ஷாம்புவை உச்சியில் மாத்திரம் இட்டு விரல் நுனிகளால் மெல்லத் தேய்த்தால், வழியும் நுரையே நுனிவரை அழுக்கை நீக்கிவிடும். கண்டிஷனரை இதற்கு மாறாக, உச்சியை விடுத்து நீளத்திற்கும் நுனிக்கும் பூச வேண்டும். நனைந்த மயிர் எளிதில் அறும். எனவே துவாயால் முறுக்காது ஒற்றியெடுத்து, அகன்ற பல்லுள்ள சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பதே முறை.

குடாநாட்டு வாசகியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நமது கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறும் நீரைக் கொண்டவை. பல இடங்களில் அந்நீர் மிகக் கடினமானது. அதன் கல்சியம் மயிரிற் படிந்து பளபளப்பைக் கெடுக்கும். இந்நீரிற் சவர்க்காரம் இட்டுத் தலை கழுவினால் நுரைக்குப் பதிலாக வெண்ணிறக் கசடே மிஞ்சும். சவர்க்காரத்தின் காரமோ செதில்களை மீண்டும் தூக்கும். மாரியில் ஏந்தி வைத்த மழைநீர் ஒரு வாளி இருக்குமாயின், கடைசி அலசலுக்கு அதனைப் பயன்படுத்துங்கள். தேசிக்காய் பிழிந்து தேய்க்கும் வழக்கம் வேண்டாம். வெயிலோடு சேர்ந்தால் அதுவும் நிறத்தை வெளுக்கும்.

பாட்டிமாரின் எண்ணெய்ப் போத்தலை எறிந்துவிடச் சொல்வோரும் உளர். அது சரியன்று. தேங்காயெண்ணெய் மயிரிழையினுள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கின்றது என்பதை இந்திய ஆய்வாளர் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அத்திறன் காணப்படவில்லை. ஆனால் எண்ணெய் வழிய வழியப் பூசி, அதனைப் போக்க அரப்பை அழுத்தித் தேய்த்து, வெந்நீரும் ஊற்றும் பழைய முழுக்கு சாயமிட்ட கூந்தலுக்கு ஒவ்வாது. முழுகுமுன் சில துளிகளை நுனிக்குப் பூசினாற் போதுமானது. சீயக்காயோ அரப்போ இடுவதானால் தூளைக் கரைத்து வடித்த நீரைப் பயன்படுத்துக.

கடற்குளிப்புக்கும் நீச்சற் குளத்திற்கும் போகுமுன் கூந்தலை நன்னீரால் நனைத்துக்கொண்டால், ஏற்கனவே நீர் குடித்த இழை உப்பையும் குளோரீனையும் குறைவாகவே உறிஞ்சும். வெயிலுக்குக் குடையே சிறந்த மருந்து.

இவை யாவும் அழகைப் பற்றியவை. அதனினும் பெரிதொன்று உண்டு. கருஞ்சாயங்கள் பலவற்றிற் சேரும் பரா பினைலீன் டையமைன் என்னும் பொருள் சிலருக்கு ஒவ்வாது. முன்பு பலமுறை தீங்கின்றி இட்டவருக்கும் ஒருநாள் திடீரென இவ்வொவ்வாமை தோன்றலாம். சாயமிட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சியில் கடும் அரிப்பு, காதோரம் நீர்க்கசிவு, கண்ணிமை வீக்கம் என்பன காணலாம். கலியாணம் நெருங்கிவிட்டதே என்று அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, மேலே எண்ணெயும் பூசி மறைக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. தாய்மாரே, அதற்கு இடம் கொடாதீர்கள். மென்மையான ஷாம்புவும் மிகுந்த நீரும் கொண்டு சாயத்தை உடனே கழுவி, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நேரத்தில் நிறம் போய்விடுமே என்று பார்த்தல் ஆகாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

ஒருமுறை இவ்வாறு கண்டவர்கள் அத்தகைய சாயத்தை மீண்டும் தொடலாகாது. கறுப்பு மருதோன்றி என்று விற்கப்படும் பொதிகளிலும் இப்பொருள் கலந்திருப்பதுண்டு. கையில் அத்தகைய கோலமிட்டுக் கொப்புளம் கண்டவர்கள் தலைச்சாயத்திற்கும் அஞ்ச வேண்டும். ஏனையோரும் ஒவ்வொரு முறையும் சாயமிடுவதற்கு 48 மணி நேரம் முன்பாக, பொதியிற் கூறியவாறு சிறிதளவைத் தோலில் இட்டுச் சோதிக்கும்படி அழகு நிலையத்தாரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மயிர் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்கின்றது. எனவே அடுத்த முறை செல்லும்போது, புதிதாக முளைத்த அடிப்பகுதிக்கு மாத்திரம் சாயமிடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்னரே சாயமேறிய நுனிக்கு மீண்டும் மீண்டும் பூசுவதால் அது மேலும் நொய்ந்து பிளவுபடும், செலவும் மிகும்.