பால் வற்றினால் கூலியும் வற்றலாமா?

மாசி பிறந்தால் பால்மரக் காட்டில் இலை கொட்டும். ஜொகூர் முதல் கெடா வரை, பொதுவாகப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வாளி நிறையாது. "ஒழுங்கா வெட்டலே" என்று பழி மட்டும் நம் தலையில் விழும். ஆகவே மரத்துக்குள் நடப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு பங்கு பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கொஞ்சம் புரதம், சர்க்கரை, உப்புச்சத்து. இலை வெயிலில் சமைக்கிற சர்க்கரையைக் கொண்டுதான் மரம் ரப்பரை உண்டாக்குகிறது. இலை உதிர்ந்தால் அடுப்பு அணைந்த மாதிரி. துளிர் விடும்போதோ, இருக்கிற சர்க்கரையையும் துளிரே இழுத்துக்கொள்ளும்.

வறட்சியின் சங்கதி வேறு. மண் காய்ந்தால் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் குறையும். பால் தடித்து, வெட்டுவாயில் சீக்கிரமே உறைந்து நின்றுவிடும். மெட்ரோலேக் கருவி ரப்பர் விகிதத்தைக் கூடக் காட்டலாம். ஆனால் மங்கில் பால் எங்கே? மழைக்காலத்தில் பால் நீர்த்துப் போகும். வெயில் ஏறுமுன் வெட்டச் சொல்வதும் இந்த அழுத்தத்துக்காகத்தான்.

சிங்கப்பூரில் இன்று பால்மரத் தோட்டம் இல்லை. ஆனால் தேக்காவிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் பூமலைக்குத்தான் 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் வந்தன. 1888ல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி துரை, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் உலகம் ரப்பர் விலைக்குச் சிங்கப்பூர்ச் சந்தையைத்தான் பார்க்கிறது.

அந்தச் சந்தையின் கணக்கைப் பாருங்கள். வறட்சி வந்தால் சரக்கு குறையும், விலை ஏறும். 2024ல் தாய்லாந்தில் முதலில் வறட்சி, பிறகு வெள்ளம். அந்த ஆண்டு விலை ஏறியது. விலை ஏறும்போது நம் வாளி காலி. வாளி நிறையும்போது விலை இறங்கிவிடும். எடைக்குக் கூலி வாங்குகிறவன் கதி மத்தளத்தின் கதிதான், இரண்டு பக்கமும் இடி!

மரம் ஓய்வெடுக்கிறது, நம் வயிறு ஓய்வெடுக்குமா? பால் குறைந்தாலும் அதே நிரை, அதே மரங்கள், அதே நடை. மலேசியாவில் 2025ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை மாதம் 1,700 ரிங்கிட் என்கிறது. எடைக் கூலிக்காரருக்கும் அது பொருந்தும். இலையுதிர் காலத்துக்கு அதில் விலக்கு இல்லை.

ஆகவே தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வேலைக்குப் போன நாள், எடை, மழையால் வெட்டு நின்ற நாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் உதவட்டும். சம்பளச் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். முழு மாதம் வேலை செய்தும் தொகை குறைந்திருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கிராணியின் கணக்குக்கு நம் கணக்குத்தான் பதில் சொல்லும்.