யாருடைய சுதந்திரம்?

ஆர்க்கன்சோ மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதியரசராய் இருந்தவர் வில்லியம்சன் ஓல்டாம். பின்னர் ரெக்சாஸிற் குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டாட்சியின் செனற் சபையில் 1862 முதல் 1865 வரை அமர்ந்திருந்தார். 1862இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தபோது, அது மாநில உரிமையையும் குடிமகன் சுதந்திரத்தையும் பறிப்பதென எதிர்த்து நின்றார். தம் தலைவர் டேவிசையே எதிர்க்கும் துணிவு அவருக்கிருந்தது. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால், யாருடைய சுதந்திரம்? 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரெக்சாஸில் மட்டும் அடிமைகள் 182,566 பேர். பத்துப் பேரில் மூவர்! நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதனையும் இயற்றலாகாதென விதித்தது அக்கூட்டாட்சியின் அரசியலமைப்பு. 1861 மார்ச்சில் அதிற் கையொப்பமிட்டோருள் ஓல்டாமும் ஒருவர். தீர்ப்பெழுதிப் பழகிய கை, வாசித்துப் பாராமலா ஒப்பமிட்டது? வெள்ளையனைப் படைக்கு இழுத்தால் அது கொடுங்கோன்மை. கறுப்பனைப் பருத்திக் காட்டிற் பிணித்தால் அது சொத்துரிமை. இதுதான் அந்நீதிமான் கண்ட நீதி!

போர் தோற்றதும் மெக்சிக்கோவுக்கும் பின் கனடாவுக்கும் போனார். நாடு திரும்பியும் மன்னிப்புக் கோராமலே 1868இல் ஹூஸ்ரனில் மாண்டார். அவர் கோர மறுத்த அம்மன்னிப்பும் வாஷிங்டன் அரசிடம் கோரவேண்டியதேயன்றி, அந்த 182,566 பேரிடமன்று.